முப்பத்தொன்பது மீட்டர் பாக்கி

லிஃப்ட்காரரின் நிழல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு வீடு வந்து சேர்ந்தது. லிஃப்ட்காரர் அப்போது ஐந்து நாடுகளுக்கு அப்பால் சைக்கிளோடு இருந்தார். நிழலிடம் டிக்கெட் இல்லை, விசா இல்லை, கையில் ஒரு பை கூட இல்லை. நாலாவது மாடிக்குப் படியேறி வந்த நிழல், கதவிடுக்கு வழியாக உள்ளே நுழைந்து ஹால் சுவரில் சாய்ந்துகொண்டது. தையல் மெஷினில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி முதலில் அதைக் கறை என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தாராம். துடைக்கத் தோதாக அது கையைத் தூக்கிக் கொடுத்ததும்தான் ஆள் யாரென்று தெரிந்தது. முப்பது வருஷமாக எதைத் துடைத்தாலும் இப்படித் தூக்கிக் கொடுக்கிறவர் அந்த வீட்டில் ஒருவர்தான். மத்தியானத்துக்குள் கட்டடம் முழுக்கச் சேதி பரவிவிட்டது. மூணாம் மாடி அக்கா மட்டும், "வெறுங்கையோடவா வந்துச்சு? ஒரு சாக்லெட் கூட வாங்கிட்டு வரலையா?" என்று குறைப்பட்டுக்கொண்டு போனார்.

நிழல் ஏன் முந்தி வந்தது என்பதற்கு அவருடைய தொழிலைச் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். வாழ்நாளெல்லாம் மேலும் கீழுமாகவே போய்வந்துவிட்டோம், ஒரு தடவையாவது பக்கவாட்டில் போய்ப் பார்க்கலாம் என்று ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு சைக்கிளும் கூடாரமும் வாங்கினார். வெளிநாட்டில், தனியாக, நிலம் முடிகிற இடத்திலிருக்கும் ஒரு கலங்கரை விளக்கம் வரைக்கும். ஏழு மாதத்தில் மூன்று ஜோடி டயர் தேய்ந்தது, தொப்பை கரைந்தது. பாஷை தெரியாத ஊர்களில் நின்றுபோன லிஃப்ட்டுகளைப் பார்த்துக் கொடுத்து, மொட்டை மாடியில் படுக்க இடம் வாங்கிக்கொண்டார். மனுஷன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. ஞாயிறு பதினோரு மணிக்கு மனைவிக்கு ஃபோன் செய்வார். மற்ற நாளெல்லாம் ஃபோன் அணைந்து கிடக்கும். அதுவே அவர்கள் ஏற்பாடு.

எண்பது கிலோமீட்டர் மிச்சமிருந்தபோதுதான் தொழில்புத்தி தலைதூக்கியது. நல்ல லிஃப்ட் என்பது மாடி நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்து, உள்ளே நிற்பவர் கையிலிருக்கும் டீ தளும்பாமல் வந்து நிற்க வேண்டும். குலுங்கி நிற்பதை அவர் ரிப்பேர் முடிந்ததாகவே எண்ணமாட்டார். எனவே அன்றைக்கு மிச்சத்தில் பாதி மட்டும் மிதித்தார்: நாற்பது. மறுநாள் அதில் பாதி: இருபது. பிறகு பத்து, ஐந்து, இரண்டரை. ஆறாம் நாள் காலை ஒன்றேகால் கிலோமீட்டர் போய்க் கூடாரம் அடிக்கப்போகிறார் என்று தெரிந்ததும் நிழலுக்குப் பொறுமை போய்விட்டது. எழுந்து, உதறிக்கொண்டு, அது பாட்டுக்கு வீட்டைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. அவர் போகட்டுமென்று விட்டுவிட்டார். வெயிலில் கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தொன்பது மீட்டர் பாக்கி. டேப் வைத்து அளந்து, பாதியில் சாக்பீஸால் கோடு போட்டார். கலங்கரை விளக்கத்தைக் காவல் காக்கும் பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவருக்கு நிழல் இல்லாததைக் கவனித்தார்; கவனித்துவிட்டு, காற்று அதிகம் என்பதுபோல் சைகை காட்டினார். விசா செவ்வாயோடு முடிகிறது. இந்தக் கணக்கில் அவர் என்றைக்குமே போய்ச்சேரப் போவதில்லை என்பது காவல்காரருக்குக்கூடப் புரிந்துவிட்டது. லிஃப்ட்காரர் ஃபோனைப் போட்டார்.

"உங்க நிழல் வந்து அஞ்சு நாளாச்சு. நீங்க எங்க இருக்கீங்க?" என்றார் மனைவி.

"முப்பத்தொன்பது மீட்டர்ல."

"அங்க என்ன பண்றீங்க?"

"சட்டுனு போய் நின்னா குலுங்கும்மா. அதான் மெதுவா..."

"ஏங்க, பாதி மாடியில தொங்குற லிஃப்ட்டுக்கு உங்க கம்பெனில என்ன பேரு?"

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரிப்பேர்" என்றார்.

அந்தப் பக்கம் மெஷின் ஓசை நின்றது. "திரும்பி வரப் பிடிக்கலையா? சொல்லிடுங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்." நினைத்துக்கொள்வார் என்பது குரலிலேயே தெரிந்தது.

"அப்படியெல்லாம் இல்லம்மா. வந்தப்புறம் என்ன பண்றதுன்னுதான் தெரியல. வேலையும் முடிஞ்சுது. இதுவும் முடிஞ்சுதுன்னா..."

"முடிஞ்சா முடியட்டும். குலுங்கினா குலுங்கட்டும். நான் பிடிச்சுக்க மாட்டேனா?"

பிறகு செருப்புச் சத்தம், கதவுச் சத்தம். மனைவி ஃபோனோடு வராந்தாவுக்கு வந்து, லிஃப்ட் பக்கத்திலிருந்த பித்தான்மேல் விரலை வைத்து அழுத்தினார். 'டொக்' என்றது. அந்தப் பித்தானை மாற்றியவரே லிஃப்ட்காரர்தான். ஆயிரம் பித்தானுக்கு நடுவிலும் அதன் சத்தம் அவருக்குத் தெரியும். "கூப்பிட்டாச்சு. வாங்க," என்றார் மனைவி.

ஒரு மாடியில் பித்தானை அழுத்திவிட்டு ஆள் காத்திருக்கும்போது லிஃப்ட் வராமலிருப்பதை அவர் வாழ்நாளில் பொறுத்ததில்லை. சைக்கிளில் ஏறி, சாக்பீஸ் கோட்டைத் தாண்டி, பிரேக் பிடிக்காமல் போய் முன்சக்கரத்தைக் கலங்கரை விளக்கத்தின் சுவரில் மோதினார். நன்றாகவே குலுங்கியது. மணி தானாக அடித்தது, மூக்குக்கண்ணாடி பறந்தது. காவல்காரர் கைதட்டினார். அதே நேரம் இங்கே லிஃப்ட் நாலாவது மாடிக்கு வந்து திறந்தது. உள்ளே ஆள் இல்லை. கடல்காற்று மட்டும் வந்து மனைவியின் தலையைக் கலைத்துவிட்டுப் போனதாக மூணாம் மாடி அக்கா சொல்கிறார். அவருக்கு அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் சைக்கிளோடு லிஃப்ட்டில் வந்து இறங்கினார். வாசலில் ஒரு நிமிஷம் தடுமாறினார். மனைவி முழங்கையைப் பிடித்துக்கொண்டார், சொன்னபடி. நிழல் மரியாதைக்குச் சற்று நகர்ந்து இடம் விட்டதே தவிர, மறுபடி அவர் காலில் வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. அதற்கு ஹால் சுவர் பழகிவிட்டது. அவரும் வற்புறுத்தவில்லை. இப்போது காலையில் அவர் நிழலில்லாமல் நாற்பது கிலோமீட்டர் சைக்கிள் விட்டு வருகிறார்; எப்போது வருவீர்கள் என்று மனைவி கேட்பதை நிறுத்திவிட்டார், அவரோ நிழலோ, இரண்டு பேரில் ஒருவர் வீட்டில் இருந்தால் மனைவிக்குப் போதும். தைக்கும்போது நூல்கண்டைப் பிடித்துக்கொள்ள நிழல் உதவுகிறது. அதன் கால்கள் மட்டும் சுவரில் இன்னமும் மிதித்துக்கொண்டே இருக்கின்றன. சாப்பாட்டு நேரம் நெருங்கினால் அதுவாகவே மெதுவாகி நின்றுவிடும். குலுங்குவதில்லை.