காரம் தின்றது போக மிச்சம்

வில்லாபுரத்தில் நாகஜோதி காய்ச்சாமல் போட்ட சோப்பில் குளித்தவர்கள், மதியம்வரை, செத்துப்போன அவள் புருஷன் முத்துப்பாண்டியின் குரலில் பேசினார்கள். தண்ணீர் லாரி வராத நாட்களில் மட்டும் தெரு தன் சொந்தக் குரலில் இருந்தது.

சோப்பு போட அவள் செல்போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். தேங்காயெண்ணெய், விளக்கெண்ணெய், கூடவே முத்துப்பாண்டி சனிக்கிழமைதோறும் தேய்த்துக் குளிக்கவென்று செக்கில் ஆட்டி வைத்துவிட்டுப்போன ஒரு டின் நல்லெண்ணெய். அதில் காஸ்டிக் சோடா என்கிற காரத்தைத் தண்ணீரில் கரைத்துக் கலக்கி, அச்சில் ஊற்றி, நாலு வாரம் காயப்போட வேண்டும். தோல் வறளாமலிருக்க, காரம் தின்றது போக நூற்றுக்கு ஐந்து பங்கு எண்ணெய் மிஞ்சும்படி கணக்குப் பார்ப்பார்கள். அந்த மிச்சத்தில்தான் மனிதர் இருந்தார். ஐந்து பங்கு விட்டால் மதியம்வரை பேசினார், எட்டு விட்டால் விளக்கு வைக்கும்வரை. அவள் மட்டும் அதில் குளித்ததில்லை. கட்டியவர் பேரைச் சொல்வது எப்படி ஆகாதோ, அவர் குரலைத் தன் வாயில் வாங்குவதும் அவளுக்கு ஆகாது.

பால்கார மருது அவர் குரலில் "அண்ணி, பாலு" என்பான். எதிர்வீட்டுத் தமிழ்வாணி அவர் குரலில் "அக்கா, உறை மோர் இருக்கா?" என்பாள். முதல் மாதம் நாகஜோதி அழுதாள். இரண்டாம் மாதம் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருஷம் அவர் அவளைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். சனிக்கிழமை குளியலறையிலிருந்து "ஏ ஜோதி, முதுகு தேய்க்க வா" என்று தெருமுனைவரை கேட்கிற மாதிரி கத்துவார், அவள் வெட்கப்பட்டுக்கொண்டே ஓடுவாள். அதை இன்னொரு தடவை கேட்க வேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

"ஒரே ஒரு வாட்டி என்னையப் பேரு சொல்லிக் கூப்பிடு தமிழு" என்று கேட்டும் பார்த்தாள்.

"ஆத்தாடி, மூத்தவுகளப் பேரு சொல்ல எனக்கு எப்படிக்கா வாய் வரும்?" என்றது முத்துப்பாண்டியின் குரல்.

அவர் இன்னும் பலமாக வந்தால் இந்த மரியாதை தோற்கும் என்று நாகஜோதி நினைத்தாள். அடுத்த தடவை தேங்காயெண்ணெயைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்துக்கு நல்லெண்ணெயை டின்னோடு கவிழ்த்தாள். ஆசையில் காரத்தைக் குறைக்க மறந்தாள். தேங்காயெண்ணெய் கேட்கிற அளவு காரத்தை நல்லெண்ணெய் கேட்காது. கூடிப்போன காரம் ஒரு சொட்டு விடாமல் எண்ணெய் முழுவதையும் தின்றது. காய்ந்த கட்டியை நாக்கில் வைத்தாள், சுள்ளென்றது. அதில் கை கழுவிய தமிழ்வாணிக்குக் கை எரிந்தது, குரல் மட்டும் அவளுடையதாகவே இருந்தது. புருஷனை இரண்டாம் முறையும் பறிகொடுத்தவளாக நாகஜோதி அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

கவிழ்த்த டின்னை வழித்ததில் அடியில் ஒரு குழிக்கரண்டி எண்ணெய் தேறியது. எரிக்கிற சோப்பில் ஒரு கட்டியைத் துருவி, கொதிக்கும் தண்ணீரில் பாத்திரம் வைத்து உருக்கி, அந்த எண்ணெயைக் கலந்தாள். அல்வா மாதிரி கொழகொழவென்று வந்தது, நுரை சுத்தமாகக் கிடையாது. இதையும் தமிழ்வாணியிடம் கொடுத்தால் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். ஆண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற சனிக்கிழமையில், ஆகாது என்பதையெல்லாம் கொடியில் போட்டுவிட்டு, அவளே உள்ளே போனாள்.

"ஏ ஜோதி, முதுகு தேய்க்க வா" என்று அவள் வாயிலிருந்து அவர் கூப்பிட்டார். "இந்தா வாரேன்" என்றாள். அதுவும் அவர் குரலில்தான் வந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பதினோரு சனிக்கிழமைகளில் கட்டி கரைந்தது. பன்னிரண்டாம் சனிக்கிழமை கடைச் சோப்பில் குளித்துக்கொண்டிருந்தவள், "இந்தா வாரேன்" என்று தன் சொந்தக் குரலில் சொன்னாள். எதிர்வீட்டுத் தமிழ்வாணி, முத்துப்பாண்டி அண்ணன் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, தோசைக்கு மாவு கரைக்கப் போனாள்.