வாத்தியாருக்குச் சொல்லாத முடிவுகள்

பனிநாட்டு அரசன் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, துணைக்கு ஆளில்லாமல் நடந்தே வந்து, நெசவுக்காரியின் வீட்டுக் கதவைத் தட்டினான் என்று உரக்கப் படித்ததோடு டீச்சரம்மா நிறுத்திக்கொண்டாள். தலையிலிருந்த ஹேர்பின்னை எடுத்து அந்தப் பக்கத்தில் செருகிப் புத்தகத்தை மூடினாள். இன்னும் ஒரே ஓர் அத்தியாயம்தான் பாக்கி. கட்டிலில் கிடந்த வாத்தியார் இடது கையை நீட்டிப் புத்தகத்தின் மேல் வைத்தார். பக்கவாதத்தில் வலது பக்கம் முழுவதும் விழுந்து, பேச்சும் போய்விட்ட பிறகு அவருக்கு மிச்சமிருந்தது அந்த ஒரு கைதான்.

“என்ன, முடிவு வேணுமா?” என்று கேட்டாள்.

வாத்தியார் தலையை ஆட்டினார்.

“எதுக்குங்க? தெரியாம இருந்தா உங்களுக்கு நேரம் மிச்சம்.”

அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாகத்தான் பிடித்திருந்தார். கையைப் போர்வைக்குள் தள்ளிவிட்டு, புத்தகத்தை ஜன்னலோரம், அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரியும் கைக்கு எட்டாத மாதிரியும் வைத்தாள். பிறகு சூப் சூடு பண்ண சமையலறைக்குப் போனாள்.

டீச்சரம்மா என்று ஊரே கூப்பிட்டாலும் அவள் ஒருநாளும் எந்த வகுப்புக்கும் பாடம் எடுத்தவள் இல்லை. கணக்கு வாத்தியாரைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு அந்தப் பெயர். அவள் வேலை பார்த்தது ஒரு பல் டாக்டரிடம், வரவேற்பு மேசையில். உள்ளே டிரில் சத்தம் கேட்கும், வெளியே ஆட்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், மேசைக்கு அடியில் டீச்சரம்மாவின் மடியில் ஒரு காதல் நாவல் விரிந்திருக்கும். அப்படியே பணி ஓய்வுவரை படித்தாள்.

படித்தாள் என்று சொல்லும்போதே வயிறு எரிகிறது. நிம்மதியாக ஒரு புத்தகத்தை முடிக்க விட்டாரா அந்த மனுஷன்? கணக்குப் புத்தகத்தில் விடையெல்லாம் கடைசிப் பக்கத்தில் இருக்கும் அல்லவா, எல்லாப் புத்தகமும் அப்படித்தான் என்பது அவர் கட்சி. அவள் பாதி படித்துக் கவிழ்த்து வைத்திருப்பதை எடுப்பார், கடைசிப் பக்கத்தைப் பிரிப்பார், சாப்பாட்டு மேசையில் விருந்தாளிகள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, எகத்தாளமாக முடிவை அறிவிப்பார். அவள் முகம் சுருங்குவதைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். “உனக்கு நேரம் மிச்சம் பண்ணிக் குடுத்தேன்” என்பார். அது அவருடைய நிரந்தரமான ஹாஸ்யம்.

அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்காதது ஒன்று உண்டு. மகளுக்கு அடுத்து உண்டான குழந்தை தங்காமல் போய், அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம். பக்கத்துக் கட்டில்காரி ஒரு தடித்த நாவலைக் கொடுத்திருந்தாள். கடற்படைக்காரன் ஒருவனும் துறைமுகத்தில் காத்திருக்கும் பெண் ஒருத்தியும். அழுகை முட்டும்போதெல்லாம் டீச்சரம்மா அந்தப் புத்தகத்துக்குள் போய் ஒளிந்துகொள்வாள். அவன் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவான் என்று நம்பிக்கொண்டுதான் அந்த நாட்களைத் தள்ளினாள். வாத்தியார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். புத்தகத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைப் புரட்டி, “இவன் கப்பல்லயே செத்துடறான். இதுக்குப் போயி கண்ணைக் கெடுத்துக்கிறியே” என்று சொல்லிவிட்டு, பழத்தை உரித்துத் தானே இரண்டு சுளை தின்றுவிட்டுப் போனார். அன்றைக்கு மூண்ட தீ. அது அணையவே இல்லை.

அப்புறம் வாத்தியார் குளியலறையில் விழுந்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள், ஏதாவது படித்துக் காட்டுங்கள் என்றார். அவர் நினைத்தது செய்தித்தாளை. டீச்சரம்மா காதல் நாவல் என்று எடுத்துக்கொண்டாள். மகளிடம் சொல்லி, புதிது புதிதாக வந்திருந்ததையெல்லாம் வரவழைத்தாள். டிராகன் பறக்கிற கதை, மாயக்காட்டு இளவரசன் கதை, ஆபீஸ் கதை, பேக்கரி கதை, ஒன்றும் விடவில்லை. கட்டிலை ஒட்டி நாற்காலியைப் போட்டுக்கொண்டு, எழுந்து போக முடியாத, காதைப் பொத்திக்கொள்ள ஒரு கை போதாத அந்த மனுஷனுக்கு எழுத்து விடாமல் படித்தாள்.

படித்தால் மட்டும் போதுமா? நடுநடுவே நிறுத்தித் தன் அபிப்பிராயத்தையும் சொல்வாள். டிராகன் வீரன் கதையில், அந்தப் பெண் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது டிராகன் ஒன்றுதான், பேசாமல் அவள் அதையே கட்டிக்கொண்டிருக்கலாம் என்றாள். ஆபீஸில் எலியும் பூனையுமாக இருக்கிற இரண்டு பேர் வெளியூர் போய், விடுதியில் ஒரே ஒரு அறைதான் காலி, அதில் ஒரே ஒரு கட்டில் என்று வந்தபோது, வரவேற்பு மேசையில் உட்காருகிறவர்கள் இடம் இல்லை என்று சொன்னால் நிஜமாகவே இல்லை என்று அர்த்தமில்லை, அந்த மேசை ரகசியம் எனக்குத் தெரியும் என்று சிரித்தாள். ஊரையே வெட்டிச் சாய்க்கிற கொலைகாரன், ஆனால் காதலியை மட்டும் பூப்போலத் தாங்குவான் என்று ஒரு கதை. இப்போது இதுதான் மவுசாம். அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தாள்.

“எனக்குத் தலைகீழா ஒருத்தர் கிடைச்சார். ஊருக்கெல்லாம் நல்லவர்.”

பேக்கரிக்காரியும் அவளோடு பொய்யாக நிச்சயம் செய்துகொண்டவனும் வருகிற கதையில், அவளுக்குக் காய்ச்சல் என்றதும் அவன் இரவெல்லாம் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தான். பொய்யாக நிச்சயம் பண்ணிக்கொண்டவன் உட்கார்ந்திருக்கிறான், நிஜமாகப் பண்ணிக்கொண்டவர் ஆரஞ்சு உரித்துத் தின்றார் என்றாள். வாத்தியாரின் வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் அந்தக் கண், அவர் குளியலறையில் விழுந்த நாளிலிருந்தே எந்நேரமும் ஒழுகிக்கொண்டிருப்பதுதான். அதை நம்பி ஒன்றும் சொல்வதற்கில்லை.

எல்லா நாயகர்களுக்கும் அவளிடம் ஒரே அளவுகோல்தான். தப்புச் செய்தவன் வாயைத் திறந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். மாளிகை கட்டிக் கொடுப்பது, மழையில் நனைந்துகொண்டு நிற்பது, இதெல்லாம் கணக்கில் வராது. இதைச் சொல்லும்போது மட்டும் வாத்தியாரின் கோணிப்போன வாயையே பார்த்துக்கொண்டு சொல்வாள்.

முதல் புத்தகத்துக்கு அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். இரண்டாவதில் கண் அவள் பக்கம் திரும்பியது. மூன்றாவதில், கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் அவள் டப்பென்று மூடியபோது, இடது கை எழுந்து வந்து புத்தகத்தைத் தொட்டது. டீச்சரம்மாவுக்கு அப்படியே வயிறு குளிர்ந்துபோனது. மாட்டிக்கொண்டாயா மகனே! “நேரம் மிச்சம்ங்க” என்று சொல்லிவிட்டு, சமையலறைக்குப் போய் நின்றபடியே முடிவைப் படித்து, அவருக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுச் சிரித்தாள். அதன்பின் எல்லாப் புத்தகத்துக்கும் அதே சிகிச்சை. ஒன்றின் முடிவையாவது சொல்லியிருப்பாளா? அவளா சொல்வாள்!

அன்று காலை மட்டும் பனிநாட்டு அரசன் என்ன ஆனான் என்று அவள் படித்துப் பார்க்கவில்லை. சூப் அடுப்பில் இருந்தது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். கிண்ணத்தோடு அறைக்குத் திரும்பியபோது வாத்தியாரின் கை போர்வைக்கு வெளியே கிடந்தது. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. கோபித்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து, நடிப்பெல்லாம் என்னிடம் வேண்டாம், வாயைத் திறங்கள் என்று அதட்டினாள். கரண்டியை உதட்டுக்குக் கொண்டுபோனாள். சூப் தாடை வழியாகத் தலையணைக்கு இறங்கியது. அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை. துடைக்கப் போய்க் கையைத் தொட்டபோதுதான் தெரிந்தது.

மகள் வந்தாள், மாப்பிள்ளை வந்தார், அக்கம்பக்கம் கூடியது. பெண்கள் டீச்சரம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. அதிர்ச்சி, பாவம் என்று பேசிக்கொண்டார்கள். அதிர்ச்சியும் இல்லை ஒன்றும் இல்லை. மனசுக்குள் ஒரு கணக்கு நேராகிவிட்டிருந்தது, அவ்வளவுதான். இத்தனை வருஷம் எல்லா முடிவையும் முந்திக்கொண்டு சொன்ன ஆள், ஒரு முடிவும் தெரியாமல் போய்ச் சேர்ந்தார். இதை வெளியில் சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு ஆறுதல்களையெல்லாம் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள், எடுத்துப் போகிற வண்டி வருவதற்கு முன்னால், மகள் சலூன்காரரை வரச்சொல்லியிருந்தாள். அப்பா ஒருநாளும் முள்தாடியோடு வெளியே கிளம்பியது இல்லை என்றாள். படுக்கையில் விழுந்த நாளிலிருந்து வாத்தியாருக்கு வீட்டுக்கே வந்து முகம் மழித்தவர் அவர்தான். எப்போதும் டீச்சரம்மா துணி துவைத்துக் குளிக்கப் போகிற வேளையில் வருவார், அவள் ஈரத்தலையோடு வெளியே வருவதற்குள் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். இப்போதும் நிதானமாக நுரை தடவினார். டீச்சரம்மா பக்கத்தில் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கன்னத்தை இழுத்துப் பிடித்துக் கத்தியை வைத்தபடியே சலூன்காரர் சொன்னார், “சாருக்குப் படிப்புன்னா உயிருங்கம்மா. கத்தியை வைக்க விடமாட்டார். முதல்ல புத்தகத்தைக் காட்டுவார். நீங்க பின்னு குத்தி வச்சிருப்பீங்கள்ல, அங்கேருந்து கடைசிவரைக்கும் நான் படிச்சுக் காட்டணும். அப்புறம்தான் ஷேவிங்.”

டீச்சரம்மாவின் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது.

“எல்லாப் புத்தகமுமா?”

“எல்லாமும்தாம்மா. அந்த டிராகன், அப்புறம் பேக்கரிப் பொண்ணு. எனக்கே அதுல ஒரு ருசி வந்துடுச்சுன்னா பாத்துக்குங்களேன். முடிவைக் கேட்டதும் சிரிப்பார், வாய் ஒரு பக்கமாப் போகும். உங்ககிட்ட சொல்லாதேன்னு விரலை ஆட்டுவார்.”

டீச்சரம்மாவுக்குக் காதெல்லாம் சுட்டது. கிழவன்! படுத்த படுக்கையிலும் முந்திக்கொண்டானே! முடிவெல்லாம் தெரிந்துகொண்டே, ஒன்றும் தெரியாத மாதிரி ஒவ்வொரு நாளும் கையை நீட்டினானே. அவள் சமையலறையில் நின்று சிரித்ததையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறான். அவளைப் பைத்தியக்காரியாக்கி வேடிக்கை பார்த்தானா? இல்லை, போகட்டும், ஜெயித்துவிட்டுப் போகட்டும் என்று அவளுக்காகத்தான் கையை நீட்டினானா? கேட்கலாம் என்றால் ஆள் இல்லை. எழுப்பி உட்காரவைத்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும்போல் அவளுக்கு ஆத்திரம் பொங்கியது.

“இந்தக் கடைசிப் புத்தகமும் படிச்சுட்டீங்களா? பனிநாட்டு ராஜா?” என்று கேட்டாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

சலூன்காரர் கத்தியைத் துணியில் துடைத்தார்.

“அது மட்டும் இல்லம்மா. முந்தாநாளே பாதிக் கதை தாண்டியிருந்துச்சு. முடிவைப் படிச்சிடட்டுமா சார்னு பிரிச்சேன். கையை வச்சு மூடிட்டார். உங்க நாற்காலியைக் காட்டினார். அவங்க படிக்கட்டும்ங்கிற மாதிரி.”

சலூன்காரர் மேலுதட்டை மழித்து முடித்தார். அவள் துண்டால் வாத்தியாரின் முகத்தை ஒற்றி எடுத்தாள். காதோரம் கொஞ்சம் நுரை இருந்தது, அதையும் எடுத்தாள். பிறகு அவருடைய இடது கையைப் பார்த்தாள். நேற்று அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தது தன் கைதான் என்பது நினைவுக்கு வந்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

வண்டி வந்து வாசலில் நின்றது. வாத்தியாரைக் கிடத்தியிருந்த பெட்டியைத் தூக்கிக் கூடத்தில் வைத்தார்கள். பார்க்க வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள், நேரமாகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். சுடுகாட்டில் அவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த நேரம் தவறினால் அடுத்தது சாயங்காலம்தானாம். ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். டீச்சரம்மாவைக் காணோம். மகள் தேடிப் போனபோது, அவள் உள்ளறையிலிருந்து ஒரு கையில் நாற்காலியை இழுத்துக்கொண்டும் இன்னொரு கையில் புத்தகத்தோடும் வந்துகொண்டிருந்தாள்.

நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டினாள். ஹேர்பின்னை உருவித் தலையில் செருகிக்கொண்டாள்.

“அம்மா, என்ன இது? எல்லாரும் பாக்கிறாங்க” என்றாள் மகள்.

“பாக்கட்டும். அவர் கேட்டார்.”

படிக்க ஆரம்பித்தாள். எப்போதும் கட்டிலோரம் படிக்கிற அதே சத்தத்தில், அதே வேகத்தில். யாரோ ஒருவர் தொண்டையைக் கனைத்தார். ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மகளைப் பார்த்தார், மகள் எங்கேயோ பார்த்தாள். சலூன்காரர் மட்டும் தன் சவரப் பையைத் தோளில் மாட்டியபடி கிளம்பாமல் சுவரோரம் சாய்ந்து நின்றார். கதையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. அரசன் இரண்டாவது முறை கதவைத் தட்டினான். நெசவுக்காரி தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. நீ செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல், அப்புறம் பார்க்கலாம் என்று உள்ளேயிருந்து சொன்னாள். அவன் சொல்ல ஆரம்பித்தான். பக்கம் பக்கமாகப் போனது.

டீச்சரம்மா படிப்பதை நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாக வாத்தியாரைப் பார்த்தாள்.

“இவ்வளவு சீக்கிரம் இவ திறந்துடக் கூடாதுங்க. நிக்கட்டும். நல்லா நிக்கட்டும்.”

பதிலுக்குக் காத்திருப்பவள்போல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். விட்ட வரியை விரலால் தேடிப் பிடித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று வாசலிலிருந்து வண்டிக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் கையில் வலப்பக்கம் கொஞ்சம் தாள்கள்தான் மிச்சமிருந்தன. அவர் திரும்பிப் போய் வண்டியின் இன்ஜினை அணைத்தார்.