படிவத்தில் என் பெயர் மட்டும்

ஹெப்பாளில் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதால் எங்கள் கம்பெனி பஸ் நகரவில்லை. அப்போதுதான் ஜடையன் போன் செய்தார். பகல்நேரப் பராமரிப்பு மையத்தின் வேன் டிரைவர். தினமும் என் தம்பி ரொனால்டை விஜயநகர் வீட்டில் இறக்கிவிடுபவர்.

"எங்கீங்க சில்வியாம்மா? தம்பி கண்ணாடியில தலைய முட்டறாருங்க."

"வாசல்ல அண்ணி இருக்காங்களே?"

"நிக்கறாங்க. தம்பிய யார்கிட்ட விடலாங்கற பாரத்துல உங்க பேரு மட்டுந்தானுங்களே இருக்குது. அவங்க பேர அடிச்சிருக்குது."

அடித்தவள் நான்தான். ஜனவரியில் மோலி அண்ணி கேட்டைப் பூட்ட மறந்து, ரொனால்ட் ரிங் ரோடு வரை போய்விட்டான். முப்பத்திரண்டு வயது, ஆனால் வண்டி வந்தால் ஒதுங்கத் தெரியாது. அண்ணி அன்று முழுக்க அழுதார். நான் சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் மையத்துக்குப் போய்ப் பெயரை அடித்தேன். அதை அண்ணியிடம் சொல்லவும் இல்லை. அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

"நான் சொல்றேன், அவங்ககிட்ட விடுங்க."

"போன்ல சொன்னா செல்லாதுங்க. அப்படி விட்டுத்தான் முந்தின டிரைவருக்கு வேல போச்சு. மையமும் பூட்டியாச்சுங்க."

போனுக்குள் ரொனால்ட் அலறினான். கண்ணாடியில் டங், டங் என்று சத்தம். போன வருடம் இப்படி முட்டித்தான் நெற்றியில் ஆறு தையல். பஸ்ஸிலிருந்து குதித்தேன். ஆட்டோ எதுவும் நகர்கிற நிலையில் இல்லை. வீடு இரண்டு கிலோமீட்டர்தான்; சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

வீட்டு வாசலில் வேன் அமைதியாக நின்றது. அந்த அமைதிதான் என்னைப் பயமுறுத்தியது.

"இறக்கத்தான கூடாது, ஏறலாமில்லன்னு கேட்டாங்க. கதவத் தொறந்து விட்டுட்டேங்க" என்றார் ஜடையன்.

உள்ளே அண்ணி ரொனால்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவன் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே அவருடைய வலது கை. அவன் நெற்றியில் ஒரு கீறல்கூட இல்லை. இப்போது அந்தக் கையிலேயே சாய்ந்து முனகிக்கொண்டிருந்தான்.

"எங்கிட்டச் சொல்லிட்டு அடிச்சிருக்கலாமே, சில்வியா" என்றார் அண்ணி.

ஜடையனிடம் படிவத்தை வாங்கி, என் பெயருக்குக் கீழே 'மோலி' என்று எழுதினேன்.

"அவங்களும் கையெழுத்துப் போடணுங்க" என்றார் ஜடையன்.

பேனாவை நீட்டினேன். வீங்கியிருந்த அண்ணியின் விரல்கள் அதைப் பிடிக்க மடங்கவில்லை.