நௌஷாட்டின் இரும்புச் சட்டி

எமிலி தண்ணீர்க் குடத்தோடு திரும்பி வந்தபோது, அவள் கணவர் டொமினிக் சட்டியின் மூடிமேல் சிரட்டைத் தணலை அள்ளிப் போட்டுவிட்டு, ஏதோ பட்டம் வாங்கியவர்போல் இடுப்பில் கைவைத்து நின்றார். முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம் எல்லாம் அவள் வெட்டிக் கொடுத்தவை. அந்த வாசம் அவளுக்குத் தெரியும். இது வேறு வாசம். மணலில் கிடந்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்தாள். நீர்கொழும்பு மச்சாள் கொடுத்துவிட்ட பன்றி சொசேஜ். கொண்டுவர வேண்டாம் என்று நேற்று மூன்று தரம் சொல்லி, அவள் ஃபிரிட்ஜின் அடித்தட்டில் ஒளித்துவைத்தது. தேடி எடுத்து வந்திருக்கிறார் மனிதர்.

"என்ன வேலை பாத்திருக்கீங்க?"

"வெறும் முட்டைய என்னண்டு தின்னுற? நாலே நாலு துண்டுதான் போட்டன்."

"சட்டி ஆருட சட்டி?"

சட்டி நௌஷாட்டுடையது. டுபாயிலிருந்து வரும்போது உடுப்பைக் குறைத்துக்கொண்டு அதைத் தூக்கி வந்தான். மூன்று கால், பொல்லாத பாரம், மூடியில் தணல் நிற்க ஒரு விளிம்பு. அவன் மனைவி ஷாகிரா நோன்புப் பெருநாள் கேக்கை அதில்தான் சுடுவாள். ஓட்டமாவடி அரிசி ஆலையில் டொமினிக்கும் அவனும் பதினெட்டு வருடமாக ஒன்றாக வேலை. பௌர்ணமிப் போயா லீவுக்குப் பனிச்சங்கேணி வாவிக் கரையில் காலைச் சாப்பாடு என்று இரண்டு பேரும் ஒரு மாதமாகத் திட்டம் போட்டார்கள். விடியவே வந்து நெருப்பு மூட்டிக் கொடுத்துவிட்டு, அவன் பேக்கரியில் சூட்டுப் பாண் வாங்க மோட்டார் சைக்கிளில் போயிருந்தான். 'எமிலி அக்கா நிப்பாதானே, சட்டிக்குப் பயமில்ல' என்று சொல்லித்தான் ஷாகிரா கொடுத்துவிட்டாளாம்.

"அந்தத் துண்டுகள எடுத்து எறிஞ்சா என்ன? மறுகா நல்லாக் கழுவிக் குடுப்பம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

"சொன்னா அவன்ட மனசு நோகும் எமிலி."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். அதையும் அவன் மனசுக்காக மறைக்கிறாராம். எமிலிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கட்டின நாளிலிருந்து இவர் கொட்டியதை அள்ளுவதே அவளுக்கு வேலை. பெருநாளைக்கு அந்தக் கேக்கில் ஒரு பங்கு அவள் வீட்டுக்கும் வரும். அதை எந்த வாயால் தின்பது?

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நௌஷாட் பாண் பையோடு சிரித்துக்கொண்டு வந்தான்.

"வாசம் பாலத்தடி வரைக்கும் வருது அண்ணன்!"

மூடியைத் தூக்கத் தடியை எடுத்தான். டொமினிக் வாவியில் நீர்க்காகம் எண்ணுகிறவர்போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தம்பி, அதில கை வைக்காதீங்க," என்றாள் எமிலி. "இவர் அதுக்குள்ள பண்டி சொசேஜ் போட்டுட்டார்."

தடி அப்படியே நின்றது. நௌஷாட் அவளைப் பார்க்கவில்லை. டொமினிக்கின் முதுகைப் பார்த்தான்.

"தெரிஞ்சா போட்டீங்க அண்ணன்?"

மனிதர் இப்போது ஒரு பொய் சொல்வார் என்று எமிலி பயந்தாள்.

"ஓம்," என்றார் டொமினிக், திரும்பாமலே.

நௌஷாட் தடியை மணலில் வைத்தான். போய்விடுவான் என்றுதான் எமிலி நினைத்தாள். அவன் பையை விரித்து, ஆவி பறந்த பாணைப் பிய்த்து ஒரு பங்கை அவளிடம் நீட்டினான். இன்னொரு பங்கை டொமினிக்குக்குப் பக்கத்தில் பையின் மேல் வைத்தான். தன் பங்கை எடுத்துக்கொண்டு புகை வராத பக்கமாகத் தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

"ஷாகிராக்கு நான் என்னண்டு அக்கா சொல்லுற?"

"நான் வாறன் தம்பி. நானே சொல்லுறன்."

மூன்று பேரும் வெறும் பாணை மென்றார்கள். சட்டிக்குள் முட்டை அடிப்பிடிக்கும் நாற்றம் மெல்லக் கிளம்பியது. மூடியைத் திறக்க ஒருவரும் எழும்பவில்லை.