சூட்டுப்பெட்டி

அம்மாவுக்கு வில் என்றாலே ஆகாது. வயசுக்கு வந்த பெண் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு மைதானத்தில் நிற்பதா என்று ஆரம்பித்தால் வாய் வலிக்கும்வரை ஓயமாட்டாள். எனக்கோ அந்த வில்லை விட்டால் வேறு வழியில்லை. ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரே ஒரு வேலை, ஞாயிற்றுக்கிழமை தேர்வு. வயது வரம்பு அந்த வருடத்தோடு எனக்கு முடிகிறது. தவறவிட்டால் தண்டையார்பேட்டை மாவுமில்லில் காலமெல்லாம் மிளகாய்த்தூள் நெடியில் இருமிக்கொண்டே கிடக்க வேண்டியதுதான்.

இந்த நேரம் பார்த்து, கிளப்பில் நான் வைத்திருந்த வில்லைப் பிடுங்கி, புதிதாகச் சேர்ந்த டாக்டர் மகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்லா இருப்பார்களா அவர்கள். வேண்டுமானால் இதை எடுத்துக்கொள் என்று பழைய வில்லின் நடுப்பிடி ஒன்றைத் தந்தார்கள். வெறும் பிடியை வைத்துக்கொண்டு முதுகா சொறிவது? அதற்கு மேலும் கீழும் வளைகிற கைகள் வேண்டும்.

நான் செய்து தருகிறேன் என்றான் அண்ணன் ஹுமாயூன். அவன் காசிமேட்டில் ஃபைபர் போட் செய்கிறவன். சுனாமிக்குப் பிறகு போட்டுக்கு ஏகக் கிராக்கி, மூச்சுவிட நேரமில்லை அவனுக்கு. இருந்தும் மூங்கிலை மெல்லிய பட்டைகளாக இழைத்து, ஃபைபர் துணியோடு அடுக்கிப் பசை தடவி, வளைந்த அச்சுக்கட்டையில் சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினான். போட்டுக்கான பசை வெளிக்காற்றிலேயே இறுகிவிடும், இது சூட்டில் வெந்தால்தான் உறுதி என்றான்.

அதற்காகவே பெட்டி. ஹார்பரில் கழித்துப்போட்ட பிளைவுட்டில் ஆள் நீளத்துக்கு அடித்தான். உள்ளே பிரியாணி கட்டுகிற அலுமினியத் தாள் ஒட்டி, வரிசையாகக் குண்டு பல்பு மாட்டி, பழைய அயர்ன்பாக்ஸிலிருந்து ஒரு தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் பொருத்தினான். சூடு ஏறினால் பல்பு அணையும், குறைந்தால் எரியும். எங்கள் ஒற்றை அறையில் அது படுத்ததும் எங்களுக்குக் கால் நீட்ட இடமில்லை. மாடி வீட்டு மலிகா வந்து, கோழிக்குஞ்சு பொரிக்கப் போகிறீர்களா என்று கேலி செய்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை அண்ணன் சுவிட்சைப் போட்டான். சூடு பட்டதும் பசை முதலில் எண்ணெய் மாதிரி இளகும், பிறகுதான் இறுகும், நான் வரும்வரை யாரும் கை வைக்கக்கூடாது என்று அம்மாவிடம் படித்துப் படித்துச் சொன்னான். அவன் காசிமேட்டுக்குப் போனான், நான் மில்லுக்குப் போனேன். சாயங்காலம் இருவரும் வந்தபோது பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. பல்பும் எரிந்துகொண்டிருந்தது.

மறுநாள் கட்டைப் பிரித்தால் இரண்டு கைகளும் கண்ணாடி மாதிரி பளபளத்தன. சனிக்கிழமை அம்பு விட்டுப் பார்த்தேன். கிளப் வில்லெல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தேர்வில் முதல் சுற்று முடிந்தபோது நான்தான் முன்னால் இருந்தேன். இரண்டாவது சுற்றில் நாணைத் தாடைவரை இழுத்தேன். வில்லின் மேல்கை நுனியிலிருந்து பட்டை பட்டையாகப் பிரிந்து, நாண் கன்னத்தில் சாட்டையாக அடித்தது. வேறு வில் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஒன்றுக்கே நாய்படாத பாடு பட்டிருந்தோம், இன்னொன்றுக்கு எங்கே போவேன்? என் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார்கள்.

வீட்டில் அண்ணன் பிரிந்துபோன அந்த வில்கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நுனியில் பட்டைகளுக்கு நடுவே பசையே இல்லை, வெறும் மூங்கில். அடிப்பக்கம் கட்டி கட்டியாகத் திரண்டிருந்தது.

"பசை எல்லாம் ஒரே பக்கமா வழிஞ்சிகீது," என்றான். "யாருமா பொட்டிய நிமித்தி வெச்சது?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிராமலேயே சொன்னாள். வியாழக்கிழமை மதியம், சொல்லாமல் கொள்ளாமல் வண்ணாரப்பேட்டையிலிருந்து எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வீடு பார்க்க வந்துவிட்டார்களாம். நடுவீட்டில் மூடி போட்ட நீளப் பெட்டி. மய்யித்தை அடக்கத்துக்குத் தூக்கிப்போகிற சந்தூக்குப் பெட்டி மாதிரியே அவளுக்குப் பட்டிருக்கிறது. பெண் கேட்டு வருகிறவர்கள் கண்ணில் அதுவா படுவது? வயரைப் பிடுங்கி, மலிகாவை ஒரு கை பிடிக்கச் சொல்லி, பாத்ரூம் சுவரில் நிமிர்த்திச் சாத்திவிட்டாள். அவர்கள் போனதும் பழையபடி படுக்க வைத்து சுவிட்சைப் போட்டாளாம்.

"பாதில அடுப்பு அணைஞ்சா மறுபடி பத்த வெக்கிறோம், சோறு வேவுதா இல்லியா?" என்றாள். "அத்த மாரிதான்னு நெனச்சிகினேன்."

அண்ணன் வில்கையைக் கீழே போட்டுவிட்டு வெளியே போய்விட்டான். நான் பெற்றவள் என்றும் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டு உனக்குச் சம்பந்தம் கேட்கிறதா என்று கீரையை வாரி எறிந்தேன். அவள் ஒவ்வொரு தண்டாகப் பொறுக்கி முறத்தில் போட்டாள்.

"அவங்களுக்கு வூடு புடிச்சிப்போச்சு," என்றாள், குரல் இறங்கி. "கவர்மெண்டு வேலைல கீற பொண்ணுதான் வோணுமாம். ஆர்டர் கைக்கு வந்ததும் தேதி வெச்சிக்கலாம்னு சொல்ட்டு போனாங்க. இப்ப அவங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது ரூஹி?"

"பொட்டிய நிமித்துன இல்ல, அத்தச் சொல்லு," என்றேன்.