நடு ஹாலில் ஒரு ஸ்டாண்டு

ஸ்டாண்டை எடுக்கச் சொன்னார் அத்தான். எடுக்க மாட்டேன் என்றேன்.

ஹாலின் நடுவில், நாற்காலி வரிசைகளுக்கு இடையே, உட்கார்ந்திருப்பவர்களின் தலை மறைக்காத உயரத்தில் இரண்டு மைக்குகளை ஏற்றி வைத்திருந்தேன். கீழே ஒரு சின்ன ரெக்கார்டரைக் கறுப்பு டேப்பால் ஒட்டியிருந்தேன். எங்கள் கச்சேரியைப் படமெடுக்க அத்தான் பின்னால் நிறுத்தியிருந்த கேமராவில் பார்த்தால் என் ஸ்டாண்டு மேடையையே இரண்டாகப் பிளக்கிறதாம்.

"கம்பம் நட்டு வெச்ச மாதிரி இருக்கும்மா. எடுத்துடு."

"சத்தத்துக்கு என்ன பண்ணுவீங்க அத்தான்?"

"மிக்சர்லேர்ந்து ஒரு ஒயர் இழுத்துக்கறேன். சரியா வரலேன்னா இருக்கவே இருக்கு, ஸ்டூடியோ பாட்டு. அத மேல போட்டுட்டா முடிஞ்சுது."

இருக்கவே இருக்கு. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். எங்கள் பேண்டில் பாடுவது அக்கா, டிரம்ஸ் நான். ஆனால் எங்கள் பாட்டுகள் ஸ்டூடியோவில் பதிவானபோது டிரம்ஸ் அடித்தது 'கடிகாரம்' என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு ஆள். இம்மி பிசக மாட்டாராம். "ரெக்கார்டுக்கு மட்டும்தாண்டி" என்று அக்காவும் தலையாட்டிவிட்டாள். நான் போட்ட சண்டை யார் காதிலும் ஏறவில்லை. இப்போது படத்திலும் அந்தப் பாட்டை ஒட்டினால் கை என்னுடையதாக இருக்கும், அடி அவருடையதாக இருக்கும். உயிரைக் கொடுத்து அடித்துவிட்டு ஊர் முன்னால் பொம்மையாக நிற்க என்னால் முடியாது.

மிக்சர் ஒயர் கதையும் எனக்குத் தெரியும். மேடை மைக்குகளின் சத்தம் மட்டும்தான் அந்தப் பெட்டிக்குள் போகும். அது சின்ன ஹால். டிரம்ஸுக்கு யாரும் மைக் வைக்கவில்லை. நான் அடித்தால் வாசலில் டிக்கெட் கிழிப்பவருக்கே கேட்கும், மைக் எதற்கு? மைக் வைக்காத சத்தம் மிக்சருக்குள் எப்படிப் போகும்? இதைச் சொன்னேன். மச்சினிச்சி சொல்லி அத்தான் எதைக் கேட்டிருக்கிறார்? ஸ்டாண்டில் கை வைத்தார்.

"எடுங்க. எடுத்துட்டு டிரம்ஸையும் நீங்களே அடிச்சுடுங்க."

கையை எடுத்துக்கொண்டார்.

கூட்டம் வந்துவிட்டால் நாங்கள் எல்லோரும் ஒத்திகையைவிட ஓங்கித்தான் வாசிப்போம். அதில் சத்தம் உடைந்துவிடாமல் இருக்க, ரெக்கார்டர் சத்தத்தை வாங்கும் அளவைக் கொஞ்சம் குறைத்தே வைத்தேன். ஆரம்பிக்கும் முன் இரண்டு குச்சிகளையும் கேமராவுக்குத் தெரியும்படி தலைக்கு மேல் தூக்கி ஒரு தட்டு தட்டினேன். படத்தையும் சத்தத்தையும் பிறகு பொருத்த அந்த ஒரு தட்டு போதும். கூட்டம் அதை ஸ்டைல் என்று நினைத்து விசிலடித்தது.

கடைசிப் பாட்டில் அக்காவுக்கு வரி மறந்துபோயிற்று. மைக்கைப் பிடித்தபடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அடுத்த அடிக்குப் போகாமல் அதே இடத்தில் உருட்டிக்கொண்டே இருந்தேன். கிட்டாரும் என்னோடு நின்றது. வரி அவளுக்கு வந்தது, நானும் அடுத்த அடிக்கு இறங்கினேன். ஹால் எழுந்து நின்று கத்தியது.

மறுநாள் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கேட்டோம். கேமராவில் பதிந்த சத்தம் கரகரவென்று உடைந்திருந்தது. மிக்சர் ஒயரில் அக்கா காதுக்குள் பாடினாள், என் டிரம்ஸோ பக்கத்து வீட்டில் தலையணையை அடிப்பதுபோல் கேட்டது. அத்தான் தலையைச் சொறிந்துகொண்டு ஸ்டூடியோ பாட்டை ஓட்டினார். கடைசிப் பாட்டில் குரல் முன்னால் ஓடிவிட்டது, அக்காவின் வாய் பின்னால் வந்தது.

நான் ரெக்கார்டரை நீட்டினேன்.

தட்டோடு தட்டைப் பொருத்தியதும் ஹால் முழுவதும் மேசைக்கு வந்துவிட்டது. விசில், கிட்டார், என் அடி, எல்லாம் வந்தன. "இதுக்கு மேல மிக்சர்ல இருக்கற அக்கா குரலைக் கொஞ்சம் ஏத்துங்க, போதும்" என்றேன். ஏற்றினார். கடைசிப் பாட்டு வரை ஓட்டிவிட்டுச் சொன்னார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கடைசிப் பாட்டுல ஒரு எடத்துல நீ இழுத்துட்ட. அதனால அக்காவும் லேட்டா வந்துட்டா. அந்த இழுவைய வெட்டிட்டு, அங்க மட்டும் கடிகாரத்தோட அடிய ஒட்டிடறேன். யாருக்கும் தெரியாது."

"ஒட்டுங்க. என் மூஞ்சியையும் சேத்து வெட்டிடுங்க."

"இதுக்கெல்லாம் மூக்குக்கு மேல கோவமா?"

"ஒரு அடி மாறினாலும் படத்துல நான் இருக்க மாட்டேன். நான் இழுக்கல அத்தான்."

அது ஏன் என்று சொல்ல முடியாது. சொன்னால் அக்காவைக் காட்டிக்கொடுத்ததாகும். அவள் மறந்தது அத்தானுக்குத் தெரியவே இல்லை.

காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த அக்கா அவற்றை மறுபடி மேசையிலேயே வைத்தாள்.

"அவ இழுக்கல. நான் வரிய மறந்துட்டேன். எனக்காக நின்னா." என்னைப் பார்க்காமல் கணவரைப் பார்த்தே சொன்னாள். "கடிகாரம் நின்னிருக்குமா? அதுல கை வெக்காதீங்க."

அத்தான் அந்த இடத்தை வெட்டாமல் படத்தை மேலே ஓட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்.

"அப்போ அந்த ஸ்டாண்டு? படம் முழுக்க நடுவுல நிக்குதே."

"நிக்கட்டும்" என்றோம், நானும் அக்காவும்.