ஒன்றாம் எண்ணில் குடியிருப்பவர்கள்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘கட்டாயம்’. மரச்சாமான் கம்பெனியின் இணையக் கடைக்கு, வாங்குகிறவர்களின் முகவரிகளைச் சேர்த்து வைக்கும் அட்டவணையை வடிவமைத்தவள் அவள்தான். பெயர், கதவு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு, நாடு, தொலைபேசி என ஏழு கட்டங்கள். ஏழுக்கும் எதிரே ‘கட்டாயம்’ என்று குறித்திருந்தாள். கதவு எண் கட்டத்துக்குள் இலக்கத்தைத் தவிர ஈ எறும்பு நுழைய முடியாது. காலிக் கட்டத்தைக் கண்டால் அவளுக்குப் பல் விழுந்த வாயைப் பார்ப்பது போல இருக்கும்.

அதற்கான வினை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தொலைபேசியில், அக்காவின் குரலில் வந்தது.

“ஏண்டி, தொட்டில் எங்கடி? இந்த வாரத்துல எப்ப வேணா வலி வரும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. புள்ளைய எங்க போடறது, உன் கம்ப்யூட்டர் மேலயா?”

அவள் திரையைப் பார்த்தாள். “நாலு நாளைக்கு முன்னாடியே குடுத்தாச்சுன்னு இருக்கேக்கா.”

“யாருகிட்ட?”

கதவு எண் 1 என்றிருந்தது. அவளுக்குச் சுருக்கென்றது. அக்கா இருப்பது மரம் அறுக்கும் மில்லுக்குப் பின்னால், பழைய கிடங்கைத் தடுத்துக் கட்டிய வீடு. அந்த வரிசைக்கே இன்னும் எண் கொடுக்கவில்லை.

“உன் வீட்டுக்கு ஏதுக்கா நம்பர்?”

“இல்லதான். உன் கட்டம் விட்டாத்தானே! சும்மா விட்டா செவப்பாகுது. கோடு போட்டேன், அதுக்கும் செவப்பு. உங்க அத்தான்தான் ‘ஒண்ணுன்னு போடு, யாரு பாக்கப் போறா’ன்னார். போட்டேன். உடனே பச்சையாகி நன்றியெல்லாம் சொல்லிச்சு.”

போனை வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தாள். இரண்டாயிரத்துச் சொச்சம் முகவரிகளில் முந்நூற்று நாற்பது பேர் ஒன்றாம் எண்ணில் குடியிருந்தார்கள்.

“ஊரே முதல் வீட்டுல குடியேறிடுச்சு போல,” என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். “வாடகை கம்மியோ?”

“சிரிக்காதடா. இத்தனை பேரையும் பொய் சொல்ல வெச்சது நான்தான்.”

சாப்பாட்டு நேரத்துக்குக் கூடக் காத்திராமல் அக்காவின் தெருவுக்கு ஓடினாள். முதல் வீடு ஒரு பல் டாக்டருடையது. முன்னறையில் சுவரோரமாகப் பிரிக்காத அட்டைப்பெட்டிகள். அவற்றின் மேல் தாடையைப் பிடித்தபடி நோயாளிகள். எல்லாவற்றிலும் நீளமான பெட்டியில், வாயில் பஞ்சுடன் ஒரு பெரியவர் வசதியாகச் சாய்ந்திருந்தார்.

“இதெல்லாம் அனுப்பறது நீங்கதானா?” டாக்டர் கையுறையைக் கூடக் கழற்றாமல் வந்தார். “பதினோரு பெட்டிம்மா! ஒண்ணு கூட என் பேர்ல இல்ல. வேண்டாம்னு சொன்னா, பார்சல்காரர் நம்பரைக் காட்டிட்டு இறக்கி வெச்சுட்டுப் போறார். பல்லைப் புடுங்கறதா, பெட்டியைக் காவல் காக்கறதா?”

“மன்னிச்சுக்குங்க சார், தப்பு என்னுது. எல்லாத்தையும் நானே வந்து எடுத்துக்கறேன். இப்ப அந்த நீளப் பெட்டி மட்டும்... அதுல தொட்டில் இருக்கு, அக்காவுக்கு எந்த நேரமும்...”

“ஐயா, எழுந்திருங்க! அது புள்ளை படுக்கற எடம்!”

பெரியவர் மனமில்லாமல் எழுந்தார். டாக்டர் ஒரு முனை, இவள் ஒரு முனை. நான்கு இடத்தில் இறக்கி வைத்து, மில்லைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, அக்கா ஒரு கையில் பையும் மறு கை இடுப்பிலுமாக வாசலில் நின்றாள். அத்தான் கையிலேயே சாவியை வைத்துக்கொண்டு வீடெல்லாம் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“வந்துடுச்சா?” என்றாள் அக்கா, பல்லைக் கடித்தபடி. “உள்ள வை. நான் போய் ஆளைக் கூட்டிட்டு வரேன்.”

ஆள் சாயங்காலமே வந்துவிட்டாள். மூன்று கிலோ, தலை நிறைய முடி.

மறுநாள் அவள் அட்டவணையைத் திறந்தாள். கதவு எண்ணுக்கு எதிரே இருந்த ‘கட்டாயம்’ போனது. எழுத்தும் வரலாம், காலியாகவும் விடலாம். கீழே எட்டாவதாக ஒரு நீளக் கட்டம் சேர்த்தாள்: ‘வீட்டைக் கண்டுபிடிப்பது எப்படி?’ பிறகு முந்நூற்று நாற்பது பேருக்கும், உண்மையான முகவரியைச் சொல்லும்படி கேட்டு ஒரு கடிதம் போட்டாள். பதில்கள் குவிந்தன. பச்சைக் கதவு, மாடியில் நாய், ஆனால் கடிக்காது, மணி வேலை செய்யாது, கத்திக் கூப்பிடவும். ஒவ்வொன்றையும் அவள் சத்தமாக வாசிக்க, அலுவலகமே வேலையை விட்டுவிட்டுக் கேட்டது.

பத்தாம் நாள் அக்காவின் பதிலும் வந்தது: ‘நம்பர் கிடையாது. மில்லுக்குப் பின்னால் மூன்றாவது கதவு. பல் டாக்டரைத் தட்டாதீர்கள், அவர் பாவம். எங்களையும் மெதுவாகத் தட்டவும், இப்போதுதான் தூங்கினாள்.’

அடுத்த நிமிடம் போன் அடித்தது.

“ஏண்டி, பாப்பா பேர்ல ஒரு முக்காலி வாங்கலாம்னு பாத்தா, பேர்க் கட்டம் செவப்பாகுது. அவளுக்கு இன்னும் பேரே வைக்கலையே!”

அவள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

“இரு, இரு, தொடாத! தயவுசெஞ்சு ஒண்ணுன்னு மட்டும் போட்டுடாதக்கா!”